நூத்திப் பதினெட்டு புள்ளி நாலு

– பதினாறாவது நிலை?

– ரெண்டு புள்ளி ஒண்ணு.

– பதினேழு?

– நூத்திப் பதினெட்டு புள்ளி நாலு.

– ம்... எழுதிக்கிட்டேன். பதினெட்டு?

– ரெண்டு. லொக்கு லொக்கு... ஆமா, அங்க என்ன சத்தம்? யாரோ ஆணி அடிக்கிற மாதிரி...

– பக்கத்து ரூம்ல பலகை மாட்டறாங்க. ஆபீஸ் பெருசாகுது. நீங்க எண்ணைச் சொல்லுங்க.

– உங்க அக்கா வீட்டுலேருந்து ஆபீஸுக்கு எவ்வளவு தூரம்?

– ஏங்க, ஆபீஸ் விஷயம் மட்டும்தான் பேசணும்னு சொன்னது யாரு?

– நான்தான்.

– எப்ப சொன்னீங்க?

– முதல் நாளே. நம்ம சண்டையெல்லாம் கம்பெனி போன்ல வேண்டாம், சிப்பைப் பத்தி மட்டும் பேசுவோம்னு...

– அப்ப பேசுங்க.

– தூரம் கேட்டா சண்டையா?

– நடந்தா பன்னெண்டு நிமிஷம். போதுமா? பத்தொன்பது?

– பத்தொன்பது... இரு, கண்ணாடியைத் தேடறேன். இங்கதான் வெச்சேன்...

– நெத்தியில பாருங்க.

– ...எப்படித் தெரிஞ்சுது?

– கல்யாணம் ஆன நாள்லேருந்து அங்கதான இருக்கு.

– பதினாலு மாசமா நீ பார்க்கலையே. மாத்தியிருக்கலாம்ல.

– மாத்தினீங்களா?

– ...பத்தொன்பது, ஒண்ணு புள்ளி ஒன்பது.

– சரி, மீதியை அப்புறம் வாசிக்கலாம். தண்ணி மீட்டர் கம்பெனி மேனேஜருக்கு நாலு வரி எழுதணும். அவருக்குப் புரியற மாதிரி. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க.

– நீ கணக்குப் போட்டு இடம் சொல்றவ. நான் சிப்பை அறுத்துப் பார்க்கிறவன். என்கிட்ட வந்து கேக்கறியே.

– உங்களுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்னுதான்.

– கிண்டலுக்குக் குறைச்சல் இல்ல. வாசி.

– "உங்க மீட்டர்ல இருக்கற பேட்டரி பத்து வருஷம் வரணும். எட்டு மாசத்துல செத்துப்போகுது. ஆனா மீட்டர் காட்டற கணக்குல ஒரு சொட்டு கூடத் தப்பு இல்ல."

– சரி.

– "ஏன்னா உள்ள இருக்கற சிப், கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாத்தான் பதில் சொல்லுது. கேள்வி கேட்டு அதைப் பிடிக்கவே முடியாது. சும்மா உக்காந்திருக்கும்போது எவ்வளவு கரண்ட் குடிக்குதுன்னு அளந்தாத்தான் பிடிக்க முடியும்."

– அந்த "சும்மா உக்காந்திருக்கும்போது"ல ஏன் அவ்வளவு அழுத்தம்?

– அழுத்தமா? சாதாரணமாத்தான வாசிச்சேன்.

– என்னைச் சொல்ற மாதிரி இருந்துச்சு.

– உங்களைச் சொல்லணும்னா நேராவே சொல்லுவேன். அக்கா உங்களுக்கு வெச்ச பேரு இருக்கே.

– கல்லுளிமங்கன்.

– பரவாயில்லையே, மறக்கலை.

– உங்க அக்கா அதைச் சொல்லிச் சொல்லி எங்க அண்ணனே என்னை அப்படித்தான் கூப்பிடறான். மேல வாசி.

– "உள்ள லட்சக்கணக்கான கம்பி ஓடுது. அதுல ஒட்டக் கூடாத ரெண்டு கம்பி எங்கியோ ஒரு இடத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு."

– ஒட்டியிருந்தா எப்பவும் கரண்ட் ஓடணுமே, ஏன் சில சமயம் மட்டும் ஓடுதுன்னு கேப்பாரு.

– ரெண்டு கம்பியிலயும் வோல்டேஜ் ஒரே அளவுல நின்னா ஒரு வம்பும் இல்ல. ஒண்ணு மேல நிக்க, இன்னொண்ணு கீழ நின்னாத்தான் நடுவுல ஓடும். அதனாலதான் சிப்பை முப்பது விதமா நிறுத்தி, ஒவ்வொரு நிலையிலயும் அளக்கறோம். பதினேழாவது நிலையில ஏறுது, பதினெட்டுல ஏறலைன்னா, எந்த ஜோடி ஒட்டியிருக்கவே முடியாதுன்னு ஒவ்வொண்ணாக் கழிச்சுக்கிட்டே வரலாம்.

– இதை அப்படியே எழுது. நல்லா இருக்கு.

– நல்லாத்தான் இருக்கு. நானூத்திப் பன்னெண்டு ஜோடியில ஆரம்பிச்சோம். போன வியாழக்கிழமை ஆறுக்கு வந்துட்டோம். இன்னிக்குப் புதன்கிழமை. இன்னும் ஆறு.

– ஆறு ஒண்ணும் கெட்ட எண் இல்ல.

– ஒரு ஜோடி கூடக் கழியலைங்க. அதைச் சொல்றேன்.

– பொறுமை வேணும்.

– உங்ககிட்ட வாழ்ந்தவளுக்குப் பொறுமையைப் பத்திப் பாடமா? சரி, சிப்பை உடைச்சுப் பார்த்துட வேண்டியதுதானன்னு மேனேஜர் கேப்பாரு. என்ன சொல்ல?

– கையில இருக்கறது ஒரே ஒரு சிப்புன்னு சொல்லு. மேல்மூடியை ஆசிட்ல கரைச்சுட்டு, தப்பான இடத்துல கத்தியை வெச்சா எல்லாம் போச்சு. நீ இந்த இடம்னு சொன்னப்புறம்தான் நான் மூடியையே தொடுவேன்.

– எப்பவும் அப்படித்தான?

– எப்பவும் அப்படித்தான்.

– ம்.

– என்ன "ம்"?

– ஒண்ணும் இல்ல. என் இடத்துல இப்ப யாரு உக்காந்திருக்காங்க?

– யாரும் இல்ல.

– நாற்காலி காலியாவா இருக்கு? அந்த ஆபீஸ்ல காலி நாற்காலியைக் கண்டா ஆறு பேரு சண்டைக்கு வருவாங்களே.

– மேல டப்பா அடுக்கி வெச்சிருக்கேன்.

– எதுக்கு?

– டப்பா வைக்க இடம் இல்ல.

– அவ்வளவு பெரிய அலமாரி இருக்கே.

– அலமாரி... தூரம்.

– எட்டு அடி.

– ஆபீஸ் விஷயம் மட்டும்னு சொன்னது நீயா நானா?

– நாற்காலி ஆபீஸ் விஷயம்தான். சரி, வீட்டு விஷயமும் ஒண்ணு கேட்டுடறேன். துணி துவைக்கிற மெஷின் இன்னும் நடக்குதா?

– இப்ப ஓடவே ஆரம்பிச்சுடுச்சு. போன வாரம் குளியலறையிலேருந்து கூடம் வரைக்கும் வந்துடுச்சு. அது கதவைத் தட்டினப்பதான் பார்த்தேன்.

– அடக்கடவுளே. ஒரு காலுக்கு அடியில அட்டையை மடிச்சு வைக்கணும்னு சொன்னேன்ல.

– வெச்சேன். நிக்கலை. நீ மேல ஏறி உக்காந்தாத்தான் அது அடங்குது.

– பொண்டாட்டி வேணுங்கறது மெஷினுக்கு மட்டும்தான் போல.

– ...இருபதாவது நிலையைச் சொல்லட்டுமா?

– வேண்டாம். ஏங்க.

– ம்.

– ஒண்ணு சொல்லணும். ஆபீஸ் விஷயம்தான்.

– சொல்லு.

– இந்தக் கிளையிலேயே இருக்கியான்னு கேட்டு லெட்டர் குடுத்திருக்காங்க. மூணு வருஷத்துக்கு. கையெழுத்து போட்டா நடுவுல விட்டுட்டு வர முடியாது. போடலைன்னா பழைய இடத்துக்கே திரும்பணும்.

– பழைய இடம்னா...

– நீங்க டப்பா வெச்சிருக்கற இடம். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும்.

– இன்னிக்கா?

– ஆமா.

– உன்...

– சொல்லுங்க. "உன்"ன்னு ஆரம்பிச்சீங்களே. பாதியில முழுங்காதீங்க.

– ...இருபதாவது நிலை. நூத்திப் பதினேழு புள்ளி ஒன்பது.

– அதையா கேட்டேன்?

– வரிசையில அடுத்தது அதுதான.

– போன தடவையும் இதேதான். இங்க வேலை வந்திருக்கு, போகட்டுமான்னு கேட்டேன். "உன் இஷ்டம்"னீங்க. ஞாபகம் இருக்கா?

– உன் இஷ்டத்துக்கு விட்டது ஒரு குத்தமா? தடுத்திருந்தா, என் படிப்பைத் தடுத்தான், வேலையைத் தடுத்தான்னு...

– யாரு உங்களைத் தடுக்கச் சொன்னது? ஒரு வார்த்தை. "நீ போனா எனக்குக் கஷ்டமா இருக்கும்"னு ஒரே ஒரு வார்த்தை. ஒரு வாரம் காத்திருந்தேங்க. துணியைப் பெட்டியில வெச்சேன், வெளிய எடுத்தேன், திரும்ப வெச்சேன். நீங்க என்ன பண்ணீங்க? பெட்டி சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக் குடுத்தீங்க.

– கிறீச்சுன்னு சத்தம் போட்டுச்சு...

– பொண்டாட்டி வீட்டை விட்டுப் போறா, சுலபமா உருட்டிக்கிட்டுப் போகட்டும்னு எண்ணெய் போட்ட மனுஷன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.

– ரயில்ல தூக்கிக்கிட்டு நடக்கணுமே, கை வலிக்குமேன்னுதான்...

– கை வலிக்கும்னு தெரிஞ்சுது.

– சிரிக்கிறியா, திட்டறியா?

– எனக்கே தெரியலை. சரி விடுங்க. பதினேழாவது நிலையைத் திரும்ப அளங்க.

– அதான் சொன்னேனே.

– சொன்னீங்க. நூத்திப் பதினெட்டு புள்ளி நாலு. நேத்தும் அதே. திங்கக்கிழமையும் அதே. வெள்ளிக்கிழமையும் அதே.

– ஒழுங்கா அளந்தா அப்படித்தான் வரும்.

– யாருகிட்ட கதை விடறீங்க? காலையில ரூம் குளுகுளுன்னு இருந்தா ஒரு எண், மதியம் சூடானா ஒரு எண். அஞ்சு நிமிஷம் கழிச்சு அளந்தாலே கடைசி இலக்கம் ஆடும். உங்களுக்கு மட்டும் முப்பது நிலையும் நாலு நாளா ஆடாம அசையாம நிக்குதா?

– மெஷின் நல்ல மெஷின்...

– அந்த மெஷினைத் தேடிப் பிடிச்சு வாங்கினவளே நான்தான். பேப்பரைப் பார்த்து வாசிக்கிறீங்க.

– சேச்சே.

– அப்ப இப்ப அளங்க. நான் லைன்லயே இருக்கேன்.

– இப்பவா? சாக்கெட்ல வைக்கணும்...

– வைங்க.

– கை கழுவணும்...

– கழுவுங்க. காத்திருந்து பழக்கம்தான்.

– ...

– என்ன ஆச்சு?

– வெச்சாச்சு. ஒண்ணாவது நிலை... என்னது இது, நாப்பத்தி மூணு காட்டுது.

– ரெண்டு இருக்க வேண்டிய இடத்துலயா?

– ரெண்டாவது... நாப்பத்தி நாலு. மூணாவதும் அப்படித்தான். பார்த்தியா! எல்லாத்துலயும் நாப்பது ஏறிக்கிடக்கு. மெஷின்தான் கெட்டுப்போயிருக்கு. நான் அப்பவே நினைச்சேன்.

– இப்பதான நல்ல மெஷின்னீங்க.

– நல்ல மெஷினும் ஒரு நாள் கெடும்.

– மேஜை விளக்கு எரியுதா?

– எரியுது. அதுக்கென்ன?

– அணைங்க.

– விளக்குக்கும் இதுக்கும் என்ன...

– அணைங்களேன்.

– ...அணைச்சாச்சு.

– இப்ப எவ்வளவு?

– ரெண்டு புள்ளி மூணு.

– திரும்பப் போடுங்க.

– ...நாப்பத்தி மூணு.

– மூடிக்குள்ள இருக்கற சிப்புக்கு வெளிய விளக்கு எரியுதா, அணைஞ்சுதான்னு தெரியாதுங்க. வெளிச்சம் பட்டதும் கரண்ட் ஏறுதுன்னா, அது திறந்துகிடக்குன்னு அர்த்தம். மூடி எங்க?

– ...

– முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டு, விளக்கையும் ஏத்தி வெச்சிருக்கீங்க. மூடி எங்கங்க?

– கரைச்சாச்சு.

– எப்ப?

– வியாழக்கிழமை. மதியம்.

– நான் இடம் சொல்றதுக்கு முன்னாடியா?

– ஆறு ஜோடின்னு லிஸ்ட் அனுப்பினே இல்ல? ஆறும் ஒரே மூலையில இருந்துச்சு. கை நமநமன்னுச்சு. கரைச்சுட்டு மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வெச்சேன். பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடுச்சு.

– எது?

– உன் லிஸ்ட்ல நாலாவது. ரெண்டு கம்பிக்கு நடுவுல ஒரு துணுக்கு. பார்த்தா ஒண்ணுமே இல்ல, ஒரு இழை. அது பாட்டுக்கு ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

– ஆறு நாளா உங்களுக்குத் தெரியும்.

– ...தெரியும்.

– ஆறு நாளா அந்தக் கம்பெனியில ரெண்டு லாரி சரக்கு நம்ம பதிலுக்காக வாசல்ல நிக்குது. அந்த மேனேஜர் பாவம், தூங்கறாரோ இல்லையோ. ஏங்க இப்படிப் பண்ணீங்க?

– தப்புதான்.

– தப்புன்னு எனக்குத் தெரியாதா? ஏன்னு கேட்டேன்.

– விடேன்.

– விட மாட்டேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலாச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டே இருப்பீங்க. உள்ள என்ன எரியுதுன்னு எவனுக்கும் தெரியாது. கம்பியை வெச்சு அளக்க நீங்க என்ன சிப்பா? ஏன்?

– அன்னிக்கே சொல்லணும்னுதான் போனை எடுத்தேன். நாலு நம்பர் அழுத்தியாச்சு. அப்புறம்தான் தோணுச்சு... இதைச் சொன்னா ரிப்போர்ட் போயிடும். ரிப்போர்ட் போனா வேலை முடிஞ்சுடும். மறுநாள் பதினோரு மணிக்கு போன் அடிக்காது. பதினாலு மாசத்துல நீ என்கிட்ட மொத்தமா எத்தனை நிமிஷம் பேசினே? பொங்காதே, நான் உன்னைக் குத்தம் சொல்லலை. நானும்தான் பேசலை. இந்தச் சிப் வந்தப்புறம் தினம் ஒரு மணி நேரம். நீ "பதினேழு?"ன்னு கேக்கறே, நான் ஒரு எண் சொல்றேன், நீ "ம்"ங்கறே. அந்த "ம்"முக்காகக் காலையில எட்டு மணிக்கே வந்து உக்காந்துடறேன்.

– இதைச் சொல்றதுக்கு என்னங்க?

– எப்படிச் சொல்றது? போன்னும் சொல்லலை, வான்னும் சொல்லலை. இப்ப திடீர்னு என்ன உரிமையில...

– உரிமையைப் பத்தி நான் கேட்டேனா?

– வீட்டுல உன் பக்கத்து ஜன்னலை நான் இன்னும் திறக்கலை. நீதான் திறப்பே, நீதான் மூடுவே. ரூமே புழுங்குது. அண்ணன் வந்து, பைத்தியமாடா உனக்குன்னு திட்டிட்டுப் போனான். கேக்குதா?

– கேக்குது. பேசுங்க. நிறுத்தாதீங்க.

– வந்துடு.

– என்ன?

– வந்துடுன்னேன். இஷ்டம் கிஷ்டமெல்லாம் இல்ல. கையெழுத்து போடாதே. எனக்கு நீ இல்லாம முடியலை. இதை அன்னிக்கே, அந்தப் பெட்டியைப் பிடுங்கி மூலையில வெச்சுட்டுச் சொல்லியிருக்கணும். நாக்கு எழும்பலை. இப்ப சொல்றேன். வந்துடு.

– ...

– அழறியா?

– இல்ல. பலகை மாட்டறாங்கல்ல... தூசி.

– போன்ல தூசி தெரியுதே.

– போங்க.

– சரி சரி. மூக்கைத் துடைச்சுக்கிட்டு முதல்ல அந்த ரிப்போர்ட்டை அனுப்பு. நாலாவது ஜோடி, போட்டோ நான் அனுப்பறேன். மேனேஜர்கிட்ட நானே மன்னிப்புக் கேக்கறேன்.

– வேண்டாம். அவரு வெள்ளிக்கிழமையிலேருந்து நல்லாத்தான் தூங்கறாரு.

– என்னது?

– ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை மதியமே போயாச்சு.

– எப்படி? ஆறு ஜோடியில எதுன்னு உனக்கு...

– ஏறுதா ஏறலையான்னு மட்டும்தான் நீங்க பார்ப்பீங்க. எவ்வளவு ஏறுதுன்னு நான் பார்ப்பேன். ரெண்டு பக்கமும் இழுக்கற பலத்தைக் கணக்குப் போட்டா, நூத்திப் பதினெட்டு குடிக்கிறது நாலாவது ஜோடி மட்டும்தான். வியாழக்கிழமை நீங்க சொன்ன எண்ணை வெச்சே முடிச்சுட்டேன். சிப் செய்யறவங்க, கம்பியை அச்சடிக்கிற தகட்டைப் பார்த்தாங்க. நாம சொன்ன இடத்துல ஒரு தூசி. சனிக்கிழமை லாரி வேற சரக்கோட கிளம்பிடுச்சு.

– எனக்கு அந்த ரிப்போர்ட் வரலையே!

– உங்களுக்கு மட்டும் அனுப்பலை.

– அப்ப திங்கக்கிழமை? நேத்து? சத்தியமா பேனா சத்தம் கேட்டுச்சே, எழுதிக்கிட்டே இருந்தியே!

– எழுதினேன். முப்பது எண்ணையும். பேப்பரைப் பார்த்து வாசிக்கிறீங்கன்னு தெரிஞ்சேதான் எழுதினேன்.

– எதுக்குடி?

– நிறுத்தினா நீங்க வாசிக்கிறதை நிறுத்திடுவீங்களே.

– அடிப்பாவி! நானும் பெரிய கெட்டிக்காரன்னு நினைச்சு, பக்கத்துல பேப்பரைக் கசங்காம வெச்சுக்கிட்டு...

– பதினெட்டாவது நிலையில தினமும் ஒரு இருமல் வேற. அதையும் மாத்தாம வாசிச்சீங்க.

– சிரிக்காதே. ...சிரி, சிரி. கேட்டு எவ்வளவு நாளாச்சு. சரி, கேளு. இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் எதுக்கு இழுக்கணும்? இப்பவே போய், எனக்கு இந்த மூணு வருஷம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடு. எந்த வண்டின்னு மட்டும் சொல்லு. ஸ்டேஷன்ல நான் வந்து நிக்கிறேன். பெட்டியை நான் தூக்கறேன். ...ஏய். என்ன, பேச்சையே காணோம்? லைன் போச்சா?

– போகலை.

– அப்புறம் என்ன? எப்ப வர்றே?

– அஞ்சு மணிங்கறது இன்னிக்கு இல்லைங்க. அது போன வெள்ளிக்கிழமை. அன்னிக்கு உங்ககிட்ட கேட்டுடணும்னுதான் பதினோரு மணிக்கு போன் போட்டேன். நீங்க மூச்சு விடாம எண்ணா வாசிச்சுக்கிட்டே இருந்தீங்க, நானும் குறுக்க பேச மனசில்லாம எழுதிக்கிட்டே இருந்துட்டேன். இன்னிக்குக் கேட்டது... இப்படி ஒரு வார்த்தை உங்ககிட்ட இருந்துச்சான்னு தெரியாம என்னால மூணு வருஷம் இங்க இருக்க முடியாதுன்னுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேங்க.